கபிலன் வைக்கும் டிஷ்யூ பாக்கெட்

மேசையின் நடுவில் டிஷ்யூ பாக்கெட்டை வைக்கிறார். இரண்டடி பின்னால் போய்ப் பார்க்கிறார். திரும்பி வந்து அதை அரை அங்குலம் இடப்பக்கம் நகர்த்துகிறார். அதன் பிறகுதான் கபிலன் பிரியாணி வரிசைக்குப் போகிறார். தேக்கா உணவங்காடியில் பகல் பன்னிரண்டரைக்கு உட்கார இடம் கிடைப்பது அரிது. ஆனாலும் தட்டும் கையுமாக வந்த ஒருவர் அந்தப் பாக்கெட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு அடுத்த மேசைக்கு நகர்கிறார். பாக்கெட் இருந்தால் ஆள் இருக்கிறார்; ஊர் வழக்கம் அது.

இதில் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பதுதான் கபிலனுக்குப் பிடித்தது. "'இங்க ஆள் இருக்கு'ன்னு இதுவரைக்கும் யார்கிட்டயும் நான் சொன்னதே இல்ல. அதான் டிஷ்யூ சொல்லுதே லா."

வயது இருபத்திரண்டு. வீடு தோ பாயோவில். கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் இரண்டு வருடம் "யெஸ் சார்ஜன்ட்" தவிர வேறெதுவும் பேசத் தேவைப்படவில்லை. வாழ்க்கையிலேயே நிம்மதியான காலம் அது என்கிறார். இப்போது பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. அங்கே எல்லாரும் கட்டாயம் படிக்க வேண்டிய செமினார் ஒன்று உண்டு: சமூகத்தையும் உலகத்தையும் உலுக்கும் பிரச்சினைகள். புதன்தோறும் காலை பத்து மணி, பதினான்கு மாணவர், மீனை வைத்தால் கெடாத அளவுக்குக் குளிரும் அறை. பரீட்சை கிடையாது. பேச வேண்டும். பேச்சுக்கு மட்டும் முப்பது மதிப்பெண். அதில் தேறாவிட்டால் அடுத்த வருடம் மறுபடியும் முதலிலிருந்து.

கபிலனிடம் கருத்து இல்லாமல் இல்லை. அது புறப்பட்டு வாய்க்கு வந்து சேரப் பதினொரு நிமிடம் ஆகும். பக்கத்து இருக்கை ரோஷினி கைப்பேசியில் நேரம் பார்த்துச் சொன்ன கணக்கு இது. அதற்குள் வகுப்பு உலகத்தின் வேறொரு மூலைக்குப் போயிருக்கும்.

மூன்றாம் வாரம் தண்ணீர்த் தட்டுப்பாடு பற்றிப் பேச்சு வந்தது. கபிலன் கையைத் தூக்கினார். முன்னால் ஐந்து பேர். கோத்து வைத்த வாக்கியம் சிதறிவிடக் கூடாதே என்று அதையே மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்ததில், பேச்சு முதுமைக்கு நகர்ந்ததை அவர் கவனிக்கவில்லை. எதற்கும் முதலில் பேசும் ரித்திக், "இத்தனை முதியவர்களை நாடு என்ன செய்யப்போகிறது?" என்று ஆங்கிலத்தில் முழங்கி அமர்ந்தார். கபிலன் எழுந்தார். "சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்தலாம். முதலில் பெரிய குழாய்கள் போட வேண்டும்."

செய்தி வீடு வரைக்கும் போனது. "எனக்கு ஐம்பத்தெட்டு ஆச்சு. குழாயில விடறதுன்னா முன்னாடியே சொல்லிருடா, துணிமணி எடுத்து வைக்கணும்" என்றார் அப்பா தங்கராஜு.

அதன்பின் ஏழு வாரம் கபிலன் வாயைத் திறக்கவில்லை. பத்தாம் வாரம், வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் வித்யா அவரை நிறுத்தித் தமிழில் சொன்னார்: "கபிலன், உங்க எழுத்து நல்லா இருக்கு. பேச்சுக்கு முப்பதுக்கு ஒண்ணு போட்டிருக்கேன். அதுவும் எழுந்து நின்னதுக்கு. இன்னும் மூணு வகுப்புதான். இப்படியே போனா அடுத்த வருஷமும் என் மூஞ்சியத்தான் பார்க்கணும்."

யோசனை ரோஷினியுடையது. "தேக்காவுல எடம் புடிக்கத் தெரியுதுல்ல? இங்கயும் டிஷ்யூ வச்சுப் பேச்சைப் புடி. யோசிச்சு முடிச்சதும் பேசு."

"ப்ரொஃப் திட்டமாட்டாங்களா?"

"பேசாம இருந்தா ஃபெயில். டிஷ்யூ வச்சா திட்டுதான். எது வேணும் உனக்கு?"

பதினோராம் வாரம் வேலையின்மை பற்றிப் பேச்சு தொடங்கியதும் கபிலன் பாக்கெட்டை வைத்தார். வித்யா சிரித்துவிட்டு அனுமதித்தார். பாக்கெட் இருக்கும்வரை அந்த விஷயம் கபிலனுடையது; எடுத்துவிட்டால் யாருக்கும். வகுப்பு காத்திருந்தது. பத்தாவது நிமிடத்தில் தீயணைப்புப் பயிற்சி மணி அடித்தது. எல்லாரும் கீழே திடலில் போய் நின்றார்கள்.

பன்னிரண்டாம் வாரம் பதினான்கு பேரும் இடம் பிடித்தார்கள். குடை, தண்ணீர்ப் புட்டி, மாணவர் அட்டை, பாதி கடித்த கறிபாப். பசி ஒருவருடையது, போர் இன்னொருவருடையது, கடல்மட்டம் கறிபாப்புக்காரருடையது. அடுத்தவர் இடத்தில் உட்கார யாருக்கும் மனம் வரவில்லை. அவரவர் இடத்தைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டே இருந்ததில் மூன்று மணி நேரம் உலகத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இனி டிஷ்யூ மட்டும், அதுவும் கபிலனுக்கு மட்டும் என்று வித்யா உத்தரவு போட்டார்.

கடைசி வகுப்பு. தலைப்பு, காட்டுத்தீயால் வரும் புகைமூட்டம். வெளியே வானமும் அன்று பார்த்துச் சாம்பல் பூசியிருந்தது. கபிலன் பாக்கெட்டை வைத்து, அரை அங்குலம் நகர்த்தி, யோசிக்கத் தொடங்கினார். பையில் இன்னும் ஐந்து இருந்தன.

இரண்டாம் நிமிடம் ரித்திக் தும்மினார். கை தானாக நீண்டு பாக்கெட்டை அள்ளிக்கொண்டது. கபிலன் அடுத்ததை வைத்தார். அது முன்வரிசைக்குப் போனது. மூன்றாவது ஜன்னலோரத்துக்கு. புகையும் குளிரும் சேர்ந்து வகுப்பையே தும்மவைத்துக்கொண்டிருந்தன. "குடுக்காத, குடுக்காத" என்று கிசுகிசுத்த ரோஷினியே ஐந்தாவதை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

பத்தாவது நிமிடம், மேசையில் கடைசி பாக்கெட். வித்யா பலகைப் பக்கம் திரும்பி மூன்று முறை தும்மினார். கண்ணில் நீர் வழிய, புறங்கையை மூக்கில் வைத்தபடி நின்றார். கபிலன் பாக்கெட்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பாக்கெட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

மேசை காலியானது. ரித்திக் அதைக் கவனித்து எழுந்துவிட்டார். "அப்படியானால் நான் சொல்ல விரும்புவது..."

பாக்கெட் இருந்த இடத்தில் கபிலனின் உள்ளங்கை படாரென்று விழுந்தது. "இங்க ஆள் இருக்கு!"

சொன்னது தமிழில். வகுப்பில் பாதிப் பேருக்கு மொழி புரியவில்லை. விஷயம் எல்லாருக்கும் புரிந்தது. ரித்திக் உட்கார்ந்தார்.

"புகை வந்தால் ஜன்னலைச் சாத்துங்கள் என்கிறார்கள்" என்று கபிலன் ஆங்கிலத்துக்கு மாறினார். "என் அப்பா ஜூரோங்கில் கப்பல் கட்டும் இடத்தில், வெட்டவெளியில் நின்று வெல்டிங் செய்கிறார். அவர் எந்த ஜன்னலைச் சாத்துவார்?"

வித்யா மூக்கில் டிஷ்யூவோடு குறிப்பெடுக்கத் தொடங்கினார். கபிலன் மேலே பேசிக்கொண்டே போனார். நடுவில் ஒருமுறை மட்டும் குனிந்து பார்த்து, உள்ளங்கையை அரை அங்குலம் இடப்பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.