அம்மா இல்லாத நேரம்

சனிக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடம். கடை ஃபோனில் அந்தச் செய்தியின் ஓரத்திலேயே நேரம் இருந்ததால் இவ்வளவு சரியாகச் சொல்ல முடிகிறது. “அம்மா இல்லாத நேரம் சொன்னா போதும். அப்ப வாறேன்.” அதன் கீழே என் மகளின் பதில்: “திங்கள் அஞ்சு மணி. அம்மா சாலைக்குப் போவாங்க.” சாலை என்றால் திங்கள்தோறும் நான் கடைக்குச் சரக்கு எடுக்கப் போகும் சந்தை.

அனுப்பிய எண்ணின் படத்தில், கறுப்புக் கண்ணாடி போட்ட ஓர் ஆண் வெள்ளைக் காரில் சாய்ந்து நின்றான். முந்தைய செய்திகள் எல்லாம் அழிக்கப்பட்டிருந்தன. மகளுக்குப் பதினாறு வயது. அவள் அப்போது கடையின் மறு கோடியில் ஒரு குழந்தையின் கைக்கு வளையல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஃபோனை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, மெயின் ரோட்டில் எங்கள் ஃபேன்ஸி கடை. வளையல், ரிப்பன், கம்மல் எல்லாம் பெயருக்குத்தான். ஆட்கள் தேடி வருவது கண்ணாடி அலமாரியில் நிற்கும் ஃபேஷன் பொம்மைகளுக்காக. ஒல்லி இடுப்பும் நீள முடியும் பளபளக்கும் கவுனுமாக நிற்பவை. குழந்தைகள் வாங்கினால் கடை வாசலிலேயே பெட்டியைக் கிழிப்பார்கள். சேகரிப்பவர்கள் பொம்மையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பெட்டியின் நான்கு மூலைகளையும் தடவிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஒட்டு பிரியாத பெட்டி வேண்டும்.

அப்படிப்பட்ட பழைய பெட்டிகள் எங்கள் பக்கத்தில் கிடைக்கும். கல்ஃபிலிருந்து அப்பன்மார் கொண்டுவந்த பொம்மையைப் பிள்ளைகள் கையில் யாரும் கொடுத்ததில்லை. அது டிவிக்கு மேலே ஷோகேஸில், பெட்டியோடு இருக்கும். விருந்துக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டும், பிள்ளையும் பார்க்க மட்டும்தான் வேண்டும். பெருங்கடவிளை, குளத்தூர், காஞ்சிரங்குளம் என்று வீடு வீடாகப் போய் அவற்றை வாங்கி வந்து விற்கிறேன். வாங்குகிறவரைப் பெட்டியோடு நிற்க வைத்து ஒரு படம் எடுத்து, எந்த ஊரிலிருந்து வந்த பொம்மை என்று எழுதி ஸ்டேட்டஸ் போடுவேன். அந்த ஸ்டேட்டஸைச் சுற்று வட்டாரமே பார்க்கும். வியாபாரம் அப்படித்தான் வளர்ந்தது. பொம்மைகளைப் படம் எடுத்து அனுப்புவது, ஃபோனில் வாடிக்கையாளரோடு பேசுவது எல்லாம் மகளின் வேலை. ஃபோனை அவள் கையில் கொடுத்தது நான்தான்.

நேரே கேட்டிருக்கலாம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். கேட்டால் அவள் அவனை எச்சரிப்பாள், அவன் வேறு இடம் சொல்வான், எனக்குத் தெரியாத இடமாக இருக்கும். அன்று என் மூளை அந்த வழியில்தான் ஓடியது. ஞாயிறு முழுவதும் அவளைக் கவனித்தேன். சாப்பிடும்போது சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள்? தலைக்கு எண்ணெய் வைத்தாள். நாளை யாருக்காக? நாடு விட்டுப் போயிருக்கும் கணவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. கடைக்கு எதிரே லாட்டரி விற்கும் பெண்ணிடம் மட்டும் சொன்னேன்.

“நீங்க எப்பளும் போல பஸ்ஸு ஏறுங்க சேச்சி,” என்றாள் அவள். “அடுத்த ஸ்டாப்புல எறங்கி, பின்னால உள்ள வழியா வந்து எனக்க தட்டிக்குப் பின்னால இருங்க. எனக்க கையில குடை உண்டு. எவன் வந்தாலும் எங்கிட்ட ஒரு டிக்கெட்டு எடுத்திட்டுதான் அடி வாங்குவான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை அப்படியே செய்தேன். சாலைக் கம்போளத்துக்குச் சரக்கு எடுக்கப் போகும் பெரிய பையோடு நாலரைக்குப் பஸ் ஏறினேன். மகள் கை காட்டினாள். ஐந்துக்கு லாட்டரித் தட்டியின் பின்னால் குத்த வைத்து உட்கார்ந்திருந்தேன். ஓட்டை வழியாகப் பார்த்தால் அவள் தெரிந்தாள். அலமாரியைத் திறந்து, நீலக் கவுன் போட்ட பொம்மையைப் பெட்டியோடு எடுத்துத் துடைத்து மேசை மேல் வைத்தாள். காஞ்சிரங்குளத்தில் வீடு இடித்துக் கட்டுகிறவர்களிடம் போன மாதம் நான் வாங்கியது அது. பொம்மையையும் கொடுக்கப் போகிறாளா அவனுக்கு?

ஐந்தேகாலுக்கு ஒரு பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவன் உள்ளே போனான். நான் ரோட்டில் குறுக்கே ஓடியது நினைவில்லை. அவன் சட்டைக் காலர் என் கையில் இருந்ததுதான் நினைவிருக்கிறது. பின்னாலேயே லாட்டரிக்காரி வந்தாள்.

“எலே, ஹெல்மெட்ட களத்து! மூஞ்சியக் காட்டுலே!”

“ஐயோ சேச்சி, நான் பார்சல் கொண்டு வந்ததாக்கும்! விடுங்க, கழுத்து எறுக்குது!”

அவன் கையில் எங்கள் கடை விலாசம் எழுதிய அட்டைப்பெட்டி இருந்தது. காலரை விட்டேன். அவன் பெட்டியை மேசையில் போட்டுவிட்டு, கையெழுத்துக்கூடக் கேட்காமல் வெளியே போய் நின்றான்.

மகள் என் பையைப் பார்த்தாள். லாட்டரிக்காரியின் கையிலிருந்த குடையைப் பார்த்தாள்.

“அம்மா சாலைக்குப் போகல்லியா?”

பையைத் தோளிலிருந்து இறக்கினேன்.

“என்னையப் பிடிக்கவா ஒளிஞ்சிருந்திய?”

“ஒன்ன இல்ல மக்கா. அவன.”

“எவன?”

கடை ஃபோனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சனிக்கிழமையிலிருந்து எனக்குத் தெரியும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. “அப்போ அவன் வரட்டும்னு என்னைய இங்க தனிய விட்டிட்டுப் போனிய, இல்லியா?” என்றாள். ஆபத்து வருகிறது என்று நம்பியே, என் பிள்ளையைத் தூண்டிலில் கோத்துவிட்டு ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில் வந்து இறங்கிய பெண்ணை நான் கவனிக்கவில்லை. முப்பது வயது இருக்கும். சத்தம் கேட்டு வாசலில் கூடி நின்றவர்களையும், மேசை மேலிருந்த நீலக் கவுனையும், என் கையிலிருந்த ஃபோனில் அந்தப் படத்தையும் பார்த்தவள் என்னிடம் திரும்பினாள்.

“அது எனக்க மாப்பிளைக்க நம்பர் சேச்சி. அவரு மஸ்கட்டுல, சிம்மு எங்கிட்ட. ஒங்களுக்க மோள்கிட்ட பேசினதெல்லாம் நானாக்கும். இந்தப் பொம்ம எங்கப்பா எனக்குக் கொண்டு வந்தது. வீடு இடிக்கும்போ மைனி, அண்ணனுக்க பெஞ்சாதி, ஒங்களுக்கு வித்தது எனக்கு அறியாது. ஸ்டேட்டஸுலதான் பாத்தேன். நீங்க இருந்தா என்னையும் படம் எடுத்துப் போடுவிய. அண்ணன் பாத்தா, சொந்த வீட்டுச் சாதனத்த தங்கச்சி கடையில போய் வாங்கினாளான்னு சண்டைக்கு வருவாரு. அதான் மெசேஜெல்லாம் அழிச்சிடு மோளேன்னு சொன்னேன்.”

பெட்டியை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“பொம்ம நாளைக்குப் போதும் சேச்சி. மோளு அங்க நின்னு அழுவுது. நீங்க மொதல்ல அதைப் பாருங்க.”