முகில் என்று சொன்னேன்

எவரெஸ்ட்டைக் கண்ணால் காண வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. எனக்கு அப்படி ஒன்றும் இருந்ததில்லை. லண்டனில், சட்டனில் எங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையம்வரை நடப்பதே எனக்குப் போதும். அவளோ ஐம்பது வயதில் அதற்காகப் பழகத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து கிலோ அரிசிப் பையை முதுகுப்பைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்துக் குன்றுகளில் ஏறி இறங்குவாள். தனியே விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன். இரண்டு வருடத்தில் எனக்கும் கால் பழகிவிட்டது. ஆசையும் வந்துவிட்டது, ஆனால் அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

நேபாளத்தில் நடக்கத் தொடங்கிய எட்டாம் நாள் காலை, மலையைப் பார்க்கும் மேட்டுக்கு ஒரு நாள் தூரத்தில் இருந்த தேநீர் விடுதியில், அவளுக்குத் தலையிடி தொடங்கியது. குடித்த சூப்பும் வயிற்றில் நிற்கவில்லை. எங்கள் வழிகாட்டி, நாற்பது வயது மதிக்கத்தக்க ஷெர்பா, இது உயரத்தால் வருவது, அவள் இனி ஒரு அடியும் மேலே போகக் கூடாது என்றார். சுமை தூக்கி வந்த பெரியவர் அவளைக் கீழே கிளினிக் இருக்கும் ஊருக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"நீங்கள் போங்கோ. ரெண்டு பேரில ஒராளாவது பார்க்க வேணும்."

நான் உடனே சரி என்றேன். இன்னொரு முறை அவள் சொல்லட்டும் என்றுகூட நான் காத்திருக்கவில்லை. மலையைக் காட்டிலும் அந்த அவசரத்தைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துப்பார்க்கிறேன்.

வழிகாட்டியோடு அன்று முழுக்க நடந்து, அடுத்த நாள் விடியலில் ஏற வேண்டிய மேட்டில் ஏறினேன், பார்க்க வேண்டியதைப் பார்த்தேன், அன்றைக்கே இறங்கத் தொடங்கினேன். பின்னேரம், கிளினிக் இருந்த ஊரில் அவள் தங்கிய விடுதிக்கு வந்து சேர்ந்தபோது, விடுதிக்காரப் பெண்ணோடு அடுப்பருகே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. என்னைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"கண்டனீங்களோ?"

வழி முழுக்க நான் எதையும் திட்டமிட்டு வரவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் வாயில் அதுதான் வந்தது. "இல்லை. ஒரே முகில். ஒண்டும் தெரியேல்லை."

அவள், அவ்வளவு தூரம் ஏறியும் வீணாகிவிட்டதே என்று எனக்காகக் கவலைப்பட்டாள். எனக்குச் சுடுதண்ணீர் கேட்டு வாங்கிக் கொடுத்தாள்.

அதன்பின் மூன்று நாட்கள் இறங்கினோம். மூச்சு இலகுவானது, பசி திரும்பியது, ஒரு வளைவைத் தாண்டியதும் திடீரென்று மரங்கள் வந்தன. சிவப்பும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நின்ற காடு. அவள் முன்னால் வேகமாக நடந்தாள். நான் மலைப் படங்கள் இருந்த போனை உள்சட்டைப் பைக்குள் வைத்து, மேலே இரண்டு சட்டை போட்டுக்கொண்டு பின்னால் போனேன். ஏற்றம் எப்படி இருந்தது, எவ்வளவு குளிர், வேறு யார் வந்தார்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொன்னேன். வழியில் நாம்சே என்ற ஊரில் தங்கியபோது, அந்த மேட்டில் என்னோடு நின்ற ஒரு தம்பதி சாப்பாட்டு அறைக்குள் வந்தார்கள். களைப்பாக இருக்கிறது என்று சொல்லி, அவளைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக் கூட்டிப்போனேன். மூன்றாம் நாள் அவள் எதையும் கேட்கவில்லை. தொங்குபாலத்தில் கோவேறு கழுதைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றபோதும் இருவரும் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லுக்லா விமான நிலையத்தில் வழிகாட்டி எங்கள் இருவர் கழுத்திலும் வெள்ளைத் துண்டு போட்டார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்கள் அதிர்ஷ்டசாலி, இந்த வருடம் அவ்வளவு தெளிவான காலையை நானே காணவில்லை என்றார். அவள் பக்கத்தில் குனிந்து பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. கேட்டிருக்காது என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன்.

லண்டனுக்கு வந்து மூன்றாவது வாரம் கோலியர்ஸ் வுட்டில் அவளுடைய தங்கை வீட்டுக்குப் போனோம். எல்லோரும் பயணத்தைப் பற்றிக் கேட்டார்கள். அவளே பதில் சொன்னாள், அமைதியாக: "இவருக்கும் ஒண்டும் தெரியேல்லை. ஒரே முகிலாம்."

திரும்பி வரும் பஸ்ஸில், மேல்தட்டில் எங்களைத் தவிர யாருமில்லை. நான் பொய் சொன்னேன் என்று சொன்னேன். தெரியும் என்றாள். உமக்குக் கவலையாக இருக்கும் என்றுதான், என்று நான் இழுத்தேன்.

"நான் ஏறாதது எனக்குக் கவலை இல்லை. அது உடம்பு, என்ன செய்ய ஏலும்? நீங்கள் வந்து சொல்லுவீங்கள் எண்டுதான் ஒரு நாள் முழுக்க அந்த அடுப்படியில இருந்தனான். அதையும் எனக்குத் தராமல் விட்டிட்டீங்கள்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வாரம் தேவைக்கு மட்டும் பேசினாள்.

சனிக்கிழமை காலை குசினியில் தேத்தண்ணீரோடு உட்கார்ந்திருந்தபோது போனை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைத் திரும்ப என் பக்கம் தள்ளினாள். "படம் வேண்டாம். சொல்லுங்கோ."

சொன்னேன். மூக்கு எரிந்த குளிர், மூன்று தரம் திரும்பிப் போய்விட நினைத்தது, எவரெஸ்ட் மற்ற மலைகளுக்குப் பின்னால் நான் நினைத்ததைவிடச் சின்னதாக, கறுப்பாக நின்றது, சூரியன் அதன் பின்னாலிருந்து எழும்பி விளிம்பில் நெருப்புக்கோடு போட்டது, நான் அழுதது. அந்த நேரம் அவளுடைய நினைவே எனக்கு வரவில்லை என்பதையும், பாதி தூரம் இறங்கிய பிறகுதான் வந்தது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று மட்டும் கடைசியில் கேட்டாள். பத்து நிமிடம் இருக்கும் என்றேன். தான் என்றால் சூரியன் முழுக்க ஏறும்வரை நின்றிருப்பேன் என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணீரைக் குடித்தாள்.

இப்போது புதிதாக யாராவது கேட்டால் மலை தெளிவாகத் தெரிந்ததாகச் சொல்கிறாள். நான் முதலில் பொய் சொன்னதை யாருக்கும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் காலையைப் பற்றி நாங்கள் இருவரும் பல தடவை பேசிவிட்டோம். அவள் கேட்கக் கேட்க நான் மழுப்பியபடி, பூத்துக்கிடந்த காட்டுக்குள்ளால் இறங்கி வந்த அந்த மூன்று நாட்களைப் பற்றி மட்டும் இன்னும் பேசவில்லை.