ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார் காலில் வாழையிலை

சாந்தோம் ஸ்தனிஸ்லாஸ் வாத்தியாரின் கணுக்காலில் ஒரு புண் இரண்டு வருஷமாகக் குடியிருந்தது. வலிகூட அவருக்குப் பெரிதில்லை. வருஷா வருஷம் திருவிழாவில் மாதா சப்பரத்தின் முன்தண்டைத் தூக்கிவந்தவர் அவர். புண் ஆறினால்தான் மறுபடி தோள் கொடுக்கலாம் என்று பங்குச்சாமியார் சொல்லிவிட்டார். இப்போது அந்த இடத்தில் அகஸ்டின் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றான். வாத்தியாருக்கு வயிறு எரிந்தது.

இங்கிலீஷ் வைத்தியம் தவிர வேறெதையும் அவர் காலருகே விடமாட்டார். மருந்துக்கடையில் விற்கும் காஸ் என்ற சல்லாத் துணியைக் காய்ந்தபடியே வைத்துக் கட்டுவார். மறுநாள் அது புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு பிய்ப்பார். முளைத்த தோலும் கூடவே வந்துவிடும்.

“ஆற ஆற நீங்கதான் பிச்சு எடுக்கிறீங்க,” என்றாள் மனைவி நோரா. வாழைக் குருத்திலையை வைத்துக் கட்டினால் ஒட்டாது என்றும் சொன்னாள். இலை சோறு போடத்தானே, காலில் சுற்றவா என்று வாத்தியார் எரிந்து விழுந்தார்.

யுத்தம் வந்து கடைகளில் காஸ் துணி காணாமல் போனது. வேறு வழியில்லாமல், வெளியே மூச்சு விடக்கூடாது என்ற நிபந்தனையோடு காலை நீட்டினார். நோரா தினமும் குருத்தை வெந்நீரில் அலசிக் கட்டினாள். அவர் அதைக் கால்சராய்க்குள் மறைத்துக்கொண்டார்.

திருவிழா நெருங்கவும், சாமியாரிடம் காலைக் காட்டக் கிளம்பினார். கச்சேரி ரோட்டில் பால்காரப் பொன்னுரங்கத்தின் மாடு மோப்பம் பிடித்து வந்து, கால்சராயைக் கிழித்து, இலையை உருவித் தின்று, காலை ஒரு நக்கு நக்கியது. கூட்டம் சேர்ந்து குனிந்து பார்ப்பதற்குள் இலை மாட்டின் வயிற்றுக்குள் போயிருந்தது. புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல்.

“என் மாடு நக்குச்சு, புண்ணு பூட்ச்சு,” என்றான் பொன்னுரங்கம்.

இலை ரகசியம் தப்பியதே என்று வாத்தியார் அதை மறுக்காமல் சாமியாரிடம் நடையைக் கட்டினார். சாயங்காலத்துக்குள் மந்தைவெளியில் பொன்னுரங்கத்தின் கொட்டகைக்கு முன்னால் புண்காரர்கள் வரிசை கட்டிவிட்டார்கள்.

மறுநாள் அவ்வழியே போனார். கஞ்சி கொட்டிக் கை வெந்த தேவானை, ஒட்டிப்போன துணியைப் பிய்த்தபடி மாட்டின் வாய்க்கு நேரே கையை நீட்டி அழுதுகொண்டிருந்தாள். அந்த வலி அவருக்குத் தெரியும். பொறுக்க முடியவில்லை.

“இழுக்காதேம்மா, தண்ணி ஊத்தி நனைச்சு எடு. என் புண்ணை ஆத்துனது மாடு இல்ல, வாழையிலை. என் பெஞ்சாதி நோரா கட்டுனா,” என்றார் எல்லோரும் கேட்க.

கூட்டம் சிரித்தது. மாட்டுக்குக் கிடைத்த பேரைப் பொறுக்காமல் பேசுகிறார் என்றான் அகஸ்டின். அவனும் காலில் சிரங்கோடு வரிசையில்தான் நின்றான். தேவானை மட்டும் நோராவைத் தேடிப் போனாள். நோராவின் பேரை வாத்தியார் ஊரறியச் சொன்னது தேவானை சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. தேவானையின் கைக்கு இலை கட்டி முடிக்கும்வரை நோரா நிமிரவே இல்லை, கண் கலங்கியிருந்தது.

திருவிழாவன்று வாத்தியார் முன்தண்டுக்குத் தோள் கொடுத்தார். சப்பரத்துக்குப் பின்னால் மாலை போட்டுக்கொண்டு மாடு வந்தது. அதன் பக்கத்தில், இலைக் கட்டோடு தேவானையும், மாடு அதைத் தின்றுவிடாமல் நடுவில் புகுந்து நோராவும் நடந்தார்கள்.