நீலத் தொப்பியில் மிஸ் ஒர்லீன்

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் எங்கள் ஆரஞ்ச் மவுண்ட் பகுதிப் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவர் மிஸ் ஒர்லீன் டேட்ஸ். நானும் அதில் ஏறிப் படித்தவள்தான். இரவில் முடி கலையாமல் இருக்க எங்கள் கறுப்புப் பெண்கள் சாட்டின் தொப்பி போட்டுக்கொள்வார்கள். காலையில் அதோடு எவளாவது பேருந்தில் கால் வைத்தால், படியிலேயே நிறுத்திவிடுவார்.

“படிக்கப் போறியா, தூங்கப் போறியா? கழட்டு! ஒருத்தி இப்படிப் போனா போதும், கறுப்புப் பொம்பளைங்களே இப்படித்தான்னு ஊரு பேசும்.”

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோதும் முதலில் என் தலையைத்தான் பார்த்தார். தொப்பி இல்லாததால் அன்று தப்பித்தேன்.

எங்கள் தெருவில் வளர்ந்த கெட்ரா இன்று பேர்பெற்ற ஓவியர். கறுப்புப் பெண்களை மட்டுமே வரைகிறாள், சுவர் அளவுக்கு. நகரத்து ஓவியக்கூடத்தில் அவளுடைய கண்காட்சி என்று முடிவானதும், மிஸ் ஒர்லீனை வரையக் கேட்டாள். அந்தக் கூடத்துக்கு வருடா வருடம் பிள்ளைகளை ஏற்றிப்போனவர் அவர். பிள்ளைகள் உள்ளே போவார்கள். அவர் பேருந்திலேயே காத்திருப்பார். “உள்ள என் மூஞ்சி மாதிரி ஒண்ணாவது இருக்கா? இருந்தா சொல்லு, வர்றேன்” என்பார். கெட்ராவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: தான் பார்த்துச் சரி என்ற பிறகுதான் படம் சுவரேற வேண்டும்.

அதற்காகச் சுருட்டை முடியைச் சூட்டில் நேராக்கி, பிறகு பெரிய சுருள்களாகப் போட்டுக்கொண்டார். போகிற நாளில் மழை. ஒரு சொட்டு பட்டால் எல்லாம் பாழ். வேறு வழியில்லாமல் நீலச் சாட்டின் தொப்பியை மாட்டி, மேலே குடையும் பிடித்து, கெட்ராவின் ஓவிய அறைக்குள் ஓடினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு உடுத்தும் வெள்ளை உடுப்பும் அகல விளிம்புத் தொப்பியும் பைக்குள் இருந்தன. அவற்றை எடுப்பதற்குள் அவருடைய அக்கா ஜெனீவா போனில் அழைத்தார்.

“உருளைக்கிழங்கு சாலட்ல உலர்திராட்சையா? ஜெனீவாக்கா, நீ ஞானஸ்நானம் வாங்கினவதானா?” என்று கையை ஓங்கிக் கத்தினார் மிஸ் ஒர்லீன். எங்கள் வீடுகளில் அந்தச் சாலட்டில் உலர்திராட்சை போடுவது பாவத்துக்குச் சமம்.

கெட்ரா சத்தமில்லாமல் அதைக் கேமராவில் பிடித்துக்கொண்டாள். பிறகு வெள்ளை உடுப்பில் உட்காரவைத்தும் எடுத்தாள். எடுத்த படங்களைப் பார்த்து வரைவதுதான் அவள் வழக்கம்.

கண்காட்சிக்கு முந்தைய வாரம் சகோதரிகள் இருவரையும் நான்தான் கெட்ராவின் ஓவிய அறைக்குக் காரில் அழைத்துப் போனேன். இரண்டு ஓவியங்கள் சுவரில் சாய்ந்து நின்றன. ஒன்றில் வெள்ளை உடுப்பு, மடித்த கைகள், மூடிய உதடு. மற்றதில் நீலத் தொப்பி, ஓங்கிய கை, திறந்த வாய்.

மிஸ் ஒர்லீன் நீலத் தொப்பிப் படத்தைச் சுட்டிக்காட்டினார். “இதைத் தொங்கவிட்டா நான் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு வண்டி ஓட்டுவேன்? எத்தனை பிள்ளைங்களைப் படியில நிறுத்தியிருக்கேன்!”

“உங்களுக்குப் பிடிக்கலைன்னா வெள்ளை உடுப்புப் படத்தையே மாட்டிடறேன், மிஸ் ஒர்லீன்” என்றாள் கெட்ரா.

ஜெனீவா வெள்ளை உடுப்பை உற்றுப் பார்த்தார். “லட்சணமாத்தான்டி இருக்கே. சவப்பெட்டி மட்டும்தான் குறைச்சல்.”

நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். மிஸ் ஒர்லீன் வெள்ளை உடுப்பின் முன் நின்றார், நீலத் தொப்பிக்கு வந்தார், மறுபடியும் திரும்பிப் போனார். அந்த நீலம் ராணியின் மகுடத்துக்குத் தீட்டுகிற நீலம் போல மின்னியது. ஓங்கிய கை, ஒரு தெருவையே நிறுத்திவிடும் போலிருந்தது.

“அந்த வெள்ளையைப் பத்திரமா வை, கெட்ரா” என்றார் கடைசியில். “என் சாவுக்கு அடிக்கிற தாள்ல போட்டுக்கலாம். நான் இன்னும் சாகலை. இவளை மாட்டு.”

திறப்பு நாளில் மிஸ் ஒர்லீன் முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்தார். வெள்ளை உடுப்பு, அகலத் தொப்பி. எங்கள் தெருவே பின்னால் வந்தது. அவர் படியில் நிறுத்திய பெண்கள், இப்போது கையில் குழந்தைகளோடு, படத்துக்கு முன் கூடியிருந்தார்கள்.

“மிஸ் ஒர்லீன், தூங்கப் போறீங்களா?” என்று ஒருத்தி கூவினாள். கூடம் அதிரச் சிரித்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவர் அவர்தான்.

திங்கட்கிழமை காலை ஒரு சிறுமி சிவப்புச் சாட்டின் தொப்பியோடு பேருந்தில் ஏறினாள். “உங்க படத்துல மட்டும் இருக்கே?” என்றாளாம்.

“உன் படமும் அங்க ஏறட்டும், அப்புறம் போட்டுக்கோ. இப்பக் கழட்டு” என்றாராம் மிஸ் ஒர்லீன்.