ரெஜினாவின் பச்சைப் புள்ளி

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் தோசைக்குக் காத்திருந்தபோது ரெஜினாவின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது. 'ரெஜினா இன்று காலை காலமானார்.' நான் உடனே பதில் போட்டேன்: 'மறுபடியும் மேகமா?'

அவரை அறியாதவர்கள் என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்கலாம். இங்கே அஞ்சலிக்குக் கூடியிருக்கும் உங்களுக்குத் தெரியும். கோடை முழுவதும் காத்திருந்து கிடைக்கும் செயற்கைக்கோள் படத்தை மேகம் மூடியிருந்தால், ரெஜினா நம் எல்லோருக்கும் அனுப்புவது 'நான் செத்தேன்' என்ற செய்திதான். மேகம் ரொம்ப மோசமென்றால் 'அடக்கம் நாலு மணிக்கு' என்றும் சேர்த்துக்கொள்வார். இந்த முறை அனுப்பியவர் அவருடைய தம்பி சேவியர். கிள்ளானிலிருந்து அவரே அழைத்தார். தூக்கத்திலேயே மாரடைப்பாம். நான் மன்னிப்புக் கேட்கத் திணறினேன். "விடுங்கண்ணே. இன்னும் மூணு பேர் இதையேதான் கேட்டிருக்காங்க," என்றார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குப் புரியவில்லை. தோசை வந்தது, சாப்பிடவில்லை.

ரெஜினாவும் நானும் ஒரே ஆண்டில் துறைக்கு வந்தவர்கள். அதனால் எங்களுக்குள் நீ, வா, போதான். நான் தாவரவியல்காரன், செடியைக் கிள்ளி முகர்ந்து பார்த்தால்தான் நம்புவேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த அவரோ, இமயமலையில் பனியாறு பின்வாங்கிய பிறகு வெறும் பாறையில் எந்த ஆண்டு, எந்த இடத்தில் பசுமை படர்கிறது என்று விண்ணிலிருந்து எடுத்த படங்களில் தேடுபவர். ஏர்கோன் பழுதான அறையில், கழுத்தில் ஈரத் துண்டுடன் அந்தப் பனியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதுவரை அவர் நேரில் கண்ட பனி, துருவிய ஐஸில் சிரப் ஊற்றித் தரும் ஐஸ் காச்சாங் மட்டுமே.

அவருடைய படிப்பு மற்றவர்களுக்குப் பயன்பட்டதா என்று கேட்டால், செராஸில் அவர் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் பயன்பட்டது. குடியிருப்பாளர் சங்கத் தலைவர் கூட்டத்தில் எழுந்து, புதிய திடலால் நம் இடமே பசுமையாகிவிட்டது என்று பெருமைப்பட்டார். ரெஜினா மடிக்கணினியைத் திறந்து காட்டினார். "நம்ம கண்ணுக்குத்தான் இது பச்சை. உயிருள்ள புல்லா இருந்தா அகச்சிவப்புல பளிச்சுனு தெரியும். இது பிளாஸ்டிக் லா, அதான் மங்கிக் கிடக்கு." தலைவர் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அக்கா, என் பார்க்கிங்ல யாரு காடிய விடுறாங்கன்னு இதுல தெரியுமா?" என்று கேட்டார்.

எங்களுக்குள் வந்த பெரிய சண்டை ஒரு சின்னப் புள்ளியைப் பற்றியது. படத்தில் ஒரு புள்ளி என்றால் தரையில் பத்து மீட்டர் சதுரம். பனி விலகிச் சில ஆண்டுகளே ஆன ஓரிடத்தில், சுற்றிலும் வெறும் கல்லாக இருக்க, அந்த ஒரு புள்ளி மட்டும் பசுமை காட்டியது.

"படம் நகர்ந்திருக்கும். இவ்வளவு சீக்கிரம் அங்க ஒண்ணும் முளைக்காது," என்றேன்.

"சாட்டிலைட் மேகத்துக்குப் பயப்படும். உனக்குப் பயப்படாது," என்றார்.

அந்தச் சரிவில் வெயில் அதிகம், அதனால்தான் செடி முந்திக்கொண்டது என்று கட்டுரையும் எழுதிவிட்டார். நான் போகிற கூட்டத்திலெல்லாம் அது கணினிக் கோளாறு என்று சொல்லிவந்தேன். அவருடைய மற்றப் படங்களையும் சிலர் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். அப்போதும் நான் நிறுத்தவில்லை.

கடைசியில் இருவரும் நேரிலேயே போனோம். கிள்ளான் பண்டல் கடையில் வாங்கிய பழைய குளிர்ச்சட்டையில் ரெஜினா இரண்டு மடங்காகத் தெரிந்தார். பைக்குள் மிளகாய்ச் சம்பால் புட்டி. முதன்முதலாகப் பனியைக் கையில் அள்ளியவர், "சிரப் எங்க?" என்றார். அடுத்த நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். நான் பார்க்காததுபோல் காலணியின் கயிற்றைக் கட்டினேன்.

மறுநாள் உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் மூச்சு வாங்க ஏறி, ஜிபிஎஸ் காட்டிய இடத்துக்கு வந்தோம். ஒரு பெரும்பாறையின் மறைவில் புல்லும் சிறு பூச்செடிகளுமாகப் பசுமை. நான் மண்டியிட்டுக் கிள்ளினேன், முகர்ந்தேன். செடியேதான். ரெஜினா வெற்றிப் பெருமிதத்துடன் அதன் நடுவே உட்கார்ந்தார்.

அப்போது ஒரு மேய்ப்பர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். அங்கே காற்று அடிக்காது. அதனால் பனி விலகிய ஆண்டிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் மந்தையை அங்கேதான் இளைப்பாற விடுகிறாராம். வழிகாட்டி அதை எங்களுக்குச் சொல்லி முடிப்பதற்குள், ரெஜினா தாம் உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். எல்லாம் ஆட்டுப் புழுக்கை. உரமும் அதுவே, விதை வந்த வழியும் அதுவே.

"வெயிலுன்னு எழுதிட்டேனே, மோகன்!" என்று சிரித்தார். சிரிப்பு அடங்காமல் மறுபடியும் அதன்மேலேயே சாய்ந்தார்.

ஊர் திரும்பிய வாரமே துறைக் கூட்டத்தில் எழுந்து நின்றார். "செடி இருக்கு. நான் சொன்ன காரணம் தப்பு. காரணம் ஆட்டுப் புழுக்கை," என்றார். திருத்தக் கட்டுரையில் கொஞ்சம் நாகரிகமான சொல்லைப் போடலாமே என்றார் துறைத் தலைவர். "மேல இருந்து பார்த்து நான் தவறவிட்டதே அதைத்தான் சார். அதையும் மறைச்சா எப்படி?" என்றார் ரெஜினா.

அந்தக் கூட்டத்தில் நானும் எழுந்திருக்க வேண்டியவன். எழவில்லை. விமானத்தில் திரும்பும்போதே அவர் கேட்டிருந்தார், "ஏதாச்சும் சொல்லணுமா?"

"இல்ல."

"பரவால்ல, மெதுவா சொல்லு. பனியே உருக எவ்ளோ நாள் ஆகுது."

அதன்பின் பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தோம். அவர் மறுபடி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்கள் முன்னால் இப்போது சொல்கிறேன்: ரெஜினா, செடி இருந்தது. கோளாறு என்று நான் ஊரெல்லாம் சொன்னது தவறு.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். தாமதமாகத்தான் கைக்கு வந்தது. போன வாரம் காப்பாரிலிருந்து வந்த ஒரு பெரணிச் செடிக்குத் தவறான பெயரெழுதி, திருத்த வந்த சக ஊழியரிடம் மணிக்கணக்கில் வாதாடினேன். மதியம் நூலைப் புரட்டிப் பார்த்ததும் அவர் சொன்னதே சரி என்று தெரிந்தது. மாலைவரைகூடக் காத்திருக்காமல் அவர் அறைக்கு நடந்து போய், "நீங்க சொன்னதுதான் சரி," என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.