கருவாட்டின் நட்சத்திரம்

எங்கள் வீட்டுக் கணினி சாதகம் கணிப்பதற்காக வாங்கியது. பிறந்த நாள், நேரம், இடம் மூன்றையும் கொடுத்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அதில் நான் விளையாடுவது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். நயினாதீவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலின் ஐயர், மத்தியானப் பூசை முடிந்து கோயிலைப் பூட்டியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கப்பல் ஓட்டப் போகிறார் என்று ஊருக்குத் தெரிந்தால், அடுத்த திருவிழா வரைக்கும் சிரிப்பார்கள்.

கப்பல் என்றது விளையாட்டுக் கப்பல். இரண்டு பேர் சேர்ந்து ஓட்ட வேண்டும். ஒருவர் சுக்கானைப் பிடிப்பார், மற்றவர் பாயைப் பார்ப்பார். தீவு தீவாகப் போய்ச் சரக்கு ஏற்றி இறக்குவதுதான் வேலை.

"சுத்திவரக் கடலுக்கு நடுவில இருக்கிறது காணாதெண்டே பெட்டிக்குள்ளயும் போய்க் கடலில நிக்கிறியள்?" என்று மனைவி கேட்பாள்.

நான்கைந்து வருடமாக என்னோடு பாய் பிடித்தவருக்குக் கருவாடு என்று பெயர். அவரே வைத்துக்கொண்ட புனைபெயர். நான் கடற்காகம். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக்கொண்டு திரிந்த இரண்டு பேர் ஒரு துறைமுகத்தில் சந்தித்தோம், அவ்வளவுதான். ஐயர் வீட்டுக்குள் கருவாடு வந்துவிட்டது என்று மனைவி பகிடி பண்ணினாள். அவர் லண்டனில் இருக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். நான் எங்கே இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பெயர் கேட்டால் ஏன் என்று யோசிக்கிற ஆள் நான். நான் வளர்ந்த யுத்த காலத்தில், எந்த வீட்டில் யார் தங்குகிறார்கள் என்று பதிந்து வைத்தவர்கள் நல்லெண்ணத்தில் பதியவில்லை. கேட்டதற்குக் குறைவாகச் சொல்வது எங்களுக்கெல்லாம் தாய்ப்பாலோடு வந்த பழக்கம். அதனால்தான் கருவாட்டை எனக்குப் பிடித்தது. முகம் தெரியாத இடத்தில் மனிதர் மனதைத் திறக்கிறார்கள். ஒருநாள் கப்பலைக் கட்டிப்போட்டுவிட்டு அவர் எழுதினார்: "வேலை போயிட்டுது. சிநேகிதன்ர அறையில இருக்கிறன். வீட்டுக்குச் சொல்லேல்ல. அம்மா தாங்கமாட்டா." நான் "கப்பலில இடம் இருக்கு" என்று மட்டும் எழுதினேன். அவர் சிரித்ததுபோல ஒரு குறி போட்டார்.

பிறகுதான் புதுக் கடை வந்தது. கடை என்றால் கணினிக்குள்ளேயே காசு கட்டி விளையாட்டை இறக்கிக்கொள்ளும் கடை. நாங்கள் இருவரும் பழைய கடையில் வாங்கியவர்கள். அங்கே பொய்ப்பெயரோடு நிம்மதியாக இருந்தோம். இப்போது எங்கள் கப்பல் விளையாட்டின் இரண்டாம் பாகம் புதுக் கடையில் மட்டும் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். இரண்டு கடை போட்டி போட்டால் வாங்குகிறவனுக்கு லாபம் என்று சொல்வார்கள். எங்கள் தீவுக்குப் படகு ஏறுகிற குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு தேத்தண்ணிக் கடைக்காரர் போட்டி போட்டால் தேத்தண்ணி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவர் வடை சுடுகிற அக்காவைப் பிடித்து, இனிமேல் எனக்கு மட்டும் சுடு என்று சொல்லிவிட்டால் அதற்குப் பெயர் போட்டியா? வடை வேண்டுமென்றால் அவருடைய கடை வாங்கில்தான் போய் உட்கார வேண்டும். எனக்கு எரிச்சலாக இருந்தது.

புதுக் கடை கிழமைக்கு ஒரு விளையாட்டைச் சும்மா கொடுத்தது. சோழியன் குடுமி சும்மா ஆடாது. என் தலையிலும் ஒரு குடுமி இருப்பதால் எனக்கு அது நன்றாகவே தெரியும். அந்தக் கடையின் செயலி, பழைய கடை உங்கள் கணினியில் வைத்திருக்கிற நண்பர் விபரத்தை மோந்து பார்க்கிறது என்று விளையாட்டுக்காரர் இணையத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர், நீங்கள் சம்மதித்தால்தான் என்றார்கள்.

"போவமோ?" என்று கருவாடு கேட்டார்.

"அவங்களை நம்ப ஏலாது," என்று எழுதினேன்.

"இஞ்ச நம்புறதுக்கு ஆர்தான் இருக்கினம்? எனக்கு வேற போக்கிடமும் இல்லை."

அதற்குப் பிறகு எப்படி மறுப்பது? போனோம். நண்பர்களைத் தேடவா என்று கடை கேட்டது. பிறகு பார்க்கலாம் என்பதை அழுத்தினேன். வங்கி அட்டையில் இருக்கும் பெயரைக் கேட்டது. வேறு வழியில்லாமல் தகப்பன் பெயர், என் பெயர், கடைசியில் சர்மா என்று எல்லாம் எழுதினேன். அடுத்த நாள் திறந்தால், நான் தேடச் சொல்லாத நண்பர் அங்கே நின்றார். கருவாடு என்று இல்லை. முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. கீழே பிறந்த திகதி.

அந்தப் பெயரை நான் மாதாமாதம் சொல்கிறவன்.

பக்கத்துத் தீவில், இறுப்பிட்டியில் கலியாணம் செய்த ஓர் அம்மா இருக்கிறார். பிறந்த ஊர் நயினாதீவு. தன் மகனின் நட்சத்திரத்தன்று படகேறி எங்கள் கோயிலுக்கு வந்து அருச்சனை செய்விப்பார். மகன் லண்டனில். நட்சத்திரம் அனுஷம். அந்தப் பெயர்தான் இந்தப் பெயர். லண்டனில் இதே பெயரில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். ஆனால் சந்தேகம் வந்தால் கை சும்மா இராது. அதே கணினியில் சாதகச் செயலியைத் திறந்து அந்தத் திகதியைக் கொடுத்தேன். அனுஷம் என்று வந்தது. அன்று முழுக்க அனுஷம், பிறந்த நேரமே தேவைப்படவில்லை.

கடை என் பெயரையும் அவருக்குக் காட்டியிருக்கும் என்பது அதன் பிறகுதான் உறைத்தது. திருவிழாப் பத்திரிகையில் அச்சாகி ஒவ்வொரு வருடமும் கடல் கடந்து போகிற பெயர் அது. இருந்தும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கப்பல் ஓட்டினோம். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. இடது பக்கம், வலது பக்கம், பாயை இறக்கு என்பதோடு சரி. அவர் என்னை வேவு பார்க்கிறாரா, நான் அவரை வேவு பார்க்கிறேனா என்று தெரியாமல் கடலில் நின்றோம்.

அடுத்த அனுஷத்துக்கு அம்மா வந்தார். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் பெயரும் நட்சத்திரமும் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை. அன்று வாய் கேட்டுவிட்டது.

"பிள்ளைக்கு வேலையெல்லாம் எப்பிடிப் போகுது, அம்மா?"

அவர் அருச்சனைத் தட்டோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் ஒருநாளும் கேக்கமாட்டியளே, ஐயா."

"சும்மாதான் கேட்டனான்."

"நல்ல வேலை. விடிய வெளிக்கிட்டால் இருட்டத்தான் வாறவன். போன் எடுக்கவும் நேரமில்லையாம், பாவம்."

எங்கள் மத்தியானம் லண்டனில் காலை. வேலைநாட்களில் அந்த நேரத்தில் அவருடைய மகன் என் கப்பலில் பாய் பிடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்க் கற்பூரத்தைக் கொளுத்தினேன்.

இரண்டொரு நாளில் புதுக் கடையைத் திறந்தபோது ஒரு வரி காத்திருந்தது. "அம்மாவிட்ட என்ன சொன்னனீங்கள்?"

ஒன்றும் சொல்லவில்லை, கேட்டது மட்டும்தான், அதுவும் சும்மா, என்று நான் தட்டிக்கொண்டிருக்கையில் அந்தப் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது. பழைய கடைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். அங்கே கருவாடும் இல்லை. எனக்கு அழுகை வருமளவுக்குக் கவலையாக இருந்தது. கடை மீது வந்த கோபத்தில் செயலியை அழித்தேன். அழித்த பிறகும், ஏன் போகிறீர்கள் என்று காரணம் கேட்டு அது மின்னஞ்சல் அனுப்பியது.

"ஐயர் மூஞ்சி ஏன் இப்பிடிக் கிடக்குது?" என்று மனைவி கேட்டாள்.

"கப்பல் மூழ்கிட்டுது," என்றேன்.

அதற்கடுத்த அனுஷத்துக்கு அந்த அம்மா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். கடல் கொஞ்சம் அடித்த நாள், சேலைக் கரை நனைந்திருந்தது. தட்டை வாங்கினேன். பெயர் கேட்க வேண்டிய தேவை இல்லாததால் வழக்கம்போல் உள்ளே திரும்பினேன்.

"ஐயா," என்று கூப்பிட்டார். "இண்டைக்குச் சுவாமியின்ர பேரிலயே செய்யுங்கோ."

"பிள்ளைக்கு?"

"தன்ர பேரை இஞ்ச சொல்ல வேண்டாமாம். அந்த ஐயருக்குக் கன விஷயம் தெரியும், அவரை நம்பாதேங்கோ எண்டு சொல்லுறான். நீங்கள் கோவிக்கக் கூடாது." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். "உங்களுக்கு என்ன ஐயா தெரியும்? அவனுக்கு வேலை கீலை போயிட்டுதோ?"

மகனுக்கு வேலை போனதை எனக்குச் சொன்னவர் கருவாடு. கருவாடு அதைச் சொன்னது கடற்காகத்துக்கு. ஐயருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"எனக்கொண்டும் தெரியாது, அம்மா," என்றேன்.

சந்நிதியில் நின்றுகொண்டே அந்தப் பொய்யைச் சொன்னேன். சுவாமியின் பெயரில் அருச்சனையைத் தொடங்கினேன். ஆனால் வருடக்கணக்காகப் பழகிய நாக்கு, சங்கற்பத்தில் நட்சத்திரம் வருகிற இடத்துக்கு வந்ததும் தானாக அனுஷம் என்றது. மகனுடைய பெயரின் முதல் எழுத்தையும் சொல்லிவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். மணியை எடுத்துப் பலமாக ஆட்டினேன்.

திரும்பி வந்து விபூதியை நீட்டியபோது அவர் கையை நீட்டவில்லை. நான் அந்தப் புதுக் கடையைப் பார்த்த பார்வையால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தட்டில் இருந்த வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, படகு வெளிக்கிடப் போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.