சக்கரம் சுற்றுவது தெரிந்த நாள்

மலாய் நாட்டை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் காஜா பெராங்கில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். டியூப் கிடைக்காது, டயருக்குள் கயிற்றைத் திணித்துக் கொடுப்பேன். ஒரு காலை, வேலைக்கு நடுவே இடது கை மரத்துப்போய் விழுந்தேன். கை சீக்கிரம் தேறிவிட்டது. பார்வையில் பாதி போயிருந்தது எனக்கே தெரியவில்லை.

மத்தியானம் மனைவி மரவள்ளிக்கிழங்கு வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்றேன்.

"பாதி அப்படியே கிடக்குதே," என்று தட்டைத் திருப்பினாள். எங்கிருந்தோ கிழங்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. மூளையில ரத்தம் அடைச்சிருக்கு, அதான் இடப்பக்கம் தெரியல. இதுக்கு மருந்தில்ல. திரும்பினாலும் திரும்பும்."

"திரும்பிடும் டாக்டர்," என்றேன். கை திரும்பியதே, கண் மட்டும் திரும்பாதா?

சாலை முனையில் ஜப்பானியச் சிப்பாய் காவல் நிற்பான். குனிந்து வணங்காமல் தாண்டக் கூடாது. ஒரு நாள் அவன் என் இடப்பக்கம் நின்றிருந்தான். கன்னத்தில் அறை விழுந்த பிறகுதான் அங்கே ஆள் இருப்பதே தெரிந்தது.

"இனிமே நான் இல்லாம வெளிய போவாதீங்க," என்று மனைவி அழுதாள்.

"கழுத்தத் திருப்பிப் பழகிக்கிறேன். நீ பயப்படாத."

மறுநாளே கடையில் ஸ்பானர், சுத்தியல் எல்லாவற்றையும் இடப்பக்கம் மாற்றினேன். எதை எடுக்கவும் தலையைத் திருப்பியாக வேண்டும். நான் தடவித் தேடுவதைப் பார்க்கும் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா, தலைமுறையாக மலாய் பேசும் குடும்பம்; தமிழ் வராது. "பெலான் பெலான்," மெதுவாக, என்று மலாயில் சொல்லிவிட்டுப் போவார்.

சில வாரம் கழித்து, தலைகீழாக நிறுத்திய சைக்கிள் ஒன்று இடப்பக்கம் இருந்தது. நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். ஓரத்தில் ஏதோ மினுங்கியது. மனைவியைக் கூப்பிட்டேன்.

"சொல்லாம சுத்து, சொல்லாம நிறுத்து."

"சுத்துது," என்றேன். கொஞ்ச நேரத்தில், "நின்னுடுச்சு."

"கையால தொட்டுப் பாக்கலியே?"

"சுவத்தத்தானே பாக்கறேன்."

அவள் திரும்பத் திரும்பச் சோதித்தாள். நான் ஒருமுறையும் தவறவில்லை. முதலில் அசைவு வந்தது, பிறகு நிறம், பிறகு உருவம். கீழ் மூலை மட்டும் வரவேயில்லை; வராவிட்டால் போகட்டும்.

ஜப்பான்காரன் போன பிறகு, அவளைப் பின்னால் உட்காரவைத்துப் புக்கிட் ரம்பாய் வரை சைக்கிள் ஓட்டினேன். "இடப்பக்கம் மாடு, இடப்பக்கம் வண்டி," என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். எல்லாம் எனக்கு முன்பே தெரிந்தது. சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.